கை நடுக்கத்துக்கு அல்ட்ராசவுண்ட் சிகிச்சை: கத்தி இல்லை, ஆனாலும் இது மூளை ஆபரேஷன்தான்

அப்பாவுக்கு 68 வயது, எட்டு வருடமாகக் கை நடுக்கம், மாத்திரை முன்பு போல் கேட்பதில்லை, டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஸ்ட்ரா போட்டுக் காபி குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மண்டையைத் திறக்காமல் அல்ட்ராசவுண்ட் வைத்தே இதைச் சரி செய்கிறார்களாமே, உண்மையா, கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற அதே ஸ்கேன்தானா, அப்பாவுக்குச் செய்யலாமா என்பது உங்கள் கேள்வி.

உண்மைதான், செய்கிறார்கள். பொருத்தமான ஆளுக்குச் செய்தால் நன்றாகவே கேட்கிறது. ஆனால் கீறல் இல்லை, தையல் இல்லை, மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, பல் பிடுங்கப் போவது போல நினைத்துப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். மூளைக்குள் ஒரு சின்ன இடத்தைச் சூட்டால் நிரந்தரமாக அழிக்கிற வேலை இது. மீதி எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் டாக்டர் இல்லை, எம்ஆர்ஐ டெக்னீஷியன். இந்தச் சிகிச்சை எம்ஆர்ஐ மெஷினுக்குள்ளேதான் நடக்கும் என்பதால் கன்சோலில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். இதில் எனக்கு அக்கறை வந்ததற்கு வேலை மட்டும் காரணம் இல்லை, எங்கள் பெரியப்பாவும் காரணம். மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். அறுபது தாண்டியதும் கை ஆட ஆரம்பித்தது. பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவது முறை "பெருவிரலை வச்சிருங்க பெரியவரே" என்று மை டப்பாவை நீட்டினார்கள். வீட்டுக்கு வந்து முற்றத்துக் குழாயடியில் நின்று அந்த விரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் காலத்தில் இந்தச் சிகிச்சை வரவில்லை. இந்த நடுக்கத்தால் உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர்கள் சொல்வது சரிதான், ஆனால் பந்தியில் ரசத்தைச் சட்டையில் கொட்டிக்கொள்வோமே என்று கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்ட மனுஷனை வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் அது எப்படிப்பட்ட நோய் என்று தெரியும்.

சரி, முதல் விஷயம். அப்பாவுக்கு இருப்பது எந்த வகை நடுக்கம் என்று நரம்பியல் டாக்டர் யாராவது தெளிவாகச் சொல்லியிருக்கிறாரா? கையை மடியில் வைத்துச் சும்மா இருக்கும்போது ஆடாமல், டம்ளரைத் தூக்கும்போது, எழுதும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது ஆடினால் அது பெரும்பாலும் எசென்ஷியல் ட்ரெமர். சும்மா இருக்கும்போது விரல்கள் எதையோ உருட்டுவது போல ஆடி, வேலை செய்யப் போனால் குறைந்தால் பார்க்கின்சனாக இருக்கலாம், அதில் உடல் இறுக்கம், நடை மெதுவாவது எல்லாம் சேர்ந்து வரும். எசென்ஷியல் ட்ரெமர் உள்ளவர்களில் பாதிப் பேருக்காவது குடும்பத்தில் வேறு யாருக்காவது அது இருக்கும், அப்பாவின் அண்ணன் தம்பி, அத்தை, தாத்தா யாருக்காவது கை ஆடியதா என்று விசாரியுங்கள். தைராய்டு அதிகமானாலும் கை நடுங்கும். ஆஸ்துமாவுக்கு இழுக்கிற சால்புட்டமால், வலிப்புக்குக் கொடுக்கிற வால்ப்ரோயேட், மனநல சிகிச்சையில் வருகிற லித்தியம் இவையும் நடுக்கத்தைக் கொண்டுவரும். மாத்திரையை மாற்றினால் சரியாகிற நடுக்கத்துக்கு மூளையைச் சுடுவது பெரிய தப்பு.

அதே மாதிரி, மாத்திரை கேட்கவில்லை என்பதையும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். இந்த நடுக்கத்துக்கு முதலில் கொடுப்பது ப்ரோப்ரனலால், ப்ரிமிடோன் இரண்டும்தான். குறைந்த அளவில் ஆரம்பித்து, அதே அளவில் வருடக்கணக்கில் ஓட்டிவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். தாங்கும் அளவுக்குக் கூட்டிப் பார்த்தார்களா, இரண்டையும் முயன்றார்களா என்று கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் கூடாது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பை அது மறைத்துவிடும், அதனால் நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள்.

இனி அல்ட்ராசவுண்ட். ஒலி அலைதான் இரண்டிலும், ஆனால் வயிற்றில் ஜெல்லி தடவிப் பார்ப்பது படம் பிடிக்க மட்டும், அந்த அலை திசுவைச் சுடாது. இதில் தலைக்கு ஒரு ஹெல்மெட் மாட்டுவார்கள், அதன் உள்பக்கம் முழுக்க 1024 சின்னச் சின்ன ஒலி மூலங்கள் பதித்திருக்கும். தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிக்கிற ஒரு ஆளின் பலம் தேருக்கு ஒன்றுமே இல்லை, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் அச்சு உருளும், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நின்ற இடத்தில் நிற்கும். இந்த 1024 அலைகளும் அப்படித்தான், ஒவ்வொன்றும் தனியாகப் போகிற வழியில் மூளைக்கு ஒன்றும் செய்யாது, எல்லாம் ஒரே நொடியில் ஒரே தாளத்தில் ஒரு புள்ளியில் சேர்ந்தால் அந்த இடம் மட்டும் சூடாகும்.

இதில் பெரிய இடைஞ்சல் மண்டை ஓடு. எலும்பு ஒலியை உறிஞ்சும், சிதறடிக்கும், அதோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது, அதனால் நெற்றிப் பக்கம் நுழைகிற அலையும் பின்மண்டையில் நுழைகிற அலையும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும். 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃப்ரை, ஃபிரான்சிஸ் ஃப்ரை என்ற சகோதரர்கள் இதைத்தான் செய்து பார்த்தார்கள், பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள், ஆனால் ஒலி உள்ளே போக மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. எலும்பை எடுத்த பிறகு கத்தி இல்லாத சிகிச்சை என்று சொல்லி என்ன பயன்? அப்புறம் இரண்டு விஷயம் கூடி வந்தன. ஒன்று, சிடி ஸ்கேனில் எலும்பை அளந்து, எந்த மூலத்தின் அலை எவ்வளவு தாமதிக்கும் என்று கணக்குப் போட்டு அதற்குத் தகுந்த மாதிரி ஒவ்வொன்றையும் முன்னே பின்னே விடுகிற கம்ப்யூட்டர் வசதி. இரண்டாவது எம்ஆர்ஐ. வெப்பம் ஏறும்போது திசுவில் இருக்கும் தண்ணீரின் சிக்னல் லேசாக மாறும், அந்த மாற்றத்தை வைத்து மூளைக்குள் எத்தனை டிகிரி என்று வெளியிலிருந்தே சில நொடிக்கு ஒருமுறை படிக்கலாம். பாஸ்டனில் ஃபெரென்ட்ஸ் யோலஸ், குல்லர்வோ ஹைனினன் இருவரும் 1990களில் அல்ட்ராசவுண்டையும் எம்ஆர்ஐயையும் சேர்த்து வைத்த வேலைதான் இன்றைய கருவிக்கு அடித்தளம். எங்கே சூடாகிறது, எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க முடியாத வரைக்கும் இதை மூளையில் தைரியமாகச் செய்ய வழியே இல்லை.

சுடப்படுகிற இடம், மூளையின் நடுவில் ஆழத்தில் இருக்கிற தாலமஸ் என்ற பகுதிக்குள் விம் என்று டாக்டர்கள் சொல்கிற ஒரு சின்னப் பகுதி, சிறுமூளையிலிருந்து வருகிற நடுக்கச் சுற்று அதன் வழியாகத்தான் ஓடுகிறது. அழிகிற திசு சில மில்லிமீட்டர்தான், ஒரு கொத்தமல்லி விதை அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை ஒட்டியே ஒரு பக்கம் தொடு உணர்ச்சிக்கான இடம், இன்னொரு பக்கம் கை கால் பலத்துக்கான நரம்புப் பாதை. இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் நடுக்கம் போய் மரத்துப்போதல் வரும், அல்லது பலவீனம் வரும்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தெரிந்து போனால் பயம் பாதி குறையும். காலையில் முழு மொட்டை. முடிக்கு நடுவில் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும், காற்றில் இந்த அலை போகாது, தோல் சூடாகிவிடும் (வயிற்று ஸ்கேனில் ஜெல்லி தடவுவதும் காற்று இல்லாமல் இருக்கத்தான்). பிறகு தலையில் நாலு இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு உலோகச் சட்டத்தைத் திருகு வைத்துப் பொருத்துவார்கள். நோயாளிகள் பலரும் அன்றைய நாளில் கஷ்டமாக இருந்தது இதுதான் என்பார்கள். தலையைச் சுற்றி ரப்பர் போன்ற ஒரு உறை, ஹெல்மெட்டுக்கும் தலைக்கும் நடுவில் காற்று நீக்கிய குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மயக்க மருந்து கிடையாது, முழு விழிப்பில்தான் இருப்பார். கையில் ஒரு பட்டன் இருக்கும், முடியவில்லை என்றால் அமுக்கினால் உடனே நிறுத்திவிடுவார்கள். மூன்று நான்கு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். மூடிய இடத்தில் மூச்சு முட்டுபவராக இருந்தால் இதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

முதலில் குறைந்த சக்தியில் விட்டு, சூடு நினைத்த இடத்தில்தான் விழுகிறதா என்று எம்ஆர்ஐயில் பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் பத்து இருபது நொடிதான். பிறகு 50 டிகிரி பக்கம் கொண்டுபோவார்கள், அந்தச் சூட்டில் திசு சாகாது, தற்காலிகமாக மந்தமாகும். அப்போது நோயாளியை வெளியே இழுத்து, கையை நீட்டச் சொல்லி, பேசச் சொல்லி, உதடு மரத்திருக்கிறதா, விரலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்பார்கள். நடுக்கம் குறைந்து வேறு கோளாறு ஒன்றும் இல்லை என்றால்தான் 55, 60 டிகிரிக்கு ஏற்றுவார்கள். அதற்கு மேல் அழிந்தது அழிந்ததுதான். தவறான இடத்தைத் தொட்டிருந்தால் அழிப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடலாம் என்கிற அந்த ஒரு படி, எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது. சூடு ஏற்றும்போது சிலருக்குத் தலைக்குள் காந்தும், கட்டில் சாய்கிற மாதிரி கிறுகிறுக்கும், வாந்தி வரும்.

ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் அட்டையில் ஒரு தாளை வைத்துச் சுருள் கோடு வரையச் சொல்வார்கள். ஒரு அம்மா வந்திருந்தார், அறுபதுக்கு மேல் வயது. முதல் தாளில் அவர் வரைந்த சுருள் ரம்பப் பல் மாதிரி இருந்தது, வெளிச்சுற்று உள்சுற்றில் போய் முட்டிக்கொண்டது. கடைசித் தாளில் கோடு ஒரே ஓட்டமாக வந்து நின்றது. அவர் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தாளைப் புரட்டச் சொல்லி, படுத்தபடியே பின்பக்கம் புள்ளி வைத்து ஒரு சின்னச் சிக்குக் கோலம் போட்டார், ஐந்து புள்ளி, கடைசி வளைவு ஆரம்பித்த இடத்திலேயே வந்து சேர்ந்தது. ஆறு மார்கழியாக வாசலில் மருமகள்தான் கோலம் போடுகிறாள் என்று மட்டும் சொன்னார்.

அதே அம்மா மறுநாள் காலையில் பாத்ரூம் போகும்போது தள்ளாடினார். வலது கால் தரையில் எங்கே படுகிறது என்று தெரியவில்லை என்றார். மூன்று வாரம் மகன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார், பிறகு சரியானது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுக் கதை.

எண்களில் பார்த்தாலும் இதே படம்தான். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஃப் எலியாஸ் தலைமையில் நடந்த ஆய்வு 2016ல் வெளியானது. மாத்திரைக்குக் கேட்காத 76 பேர், அதில் 56 பேருக்கு உண்மையான சிகிச்சை, 20 பேருக்கு மொட்டை, சட்டம், ஹெல்மெட் எல்லாம் அப்படியே, ஆனால் ஒலி மட்டும் விடவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது சிகிச்சை பெற்றவர்களின் கை நடுக்க மதிப்பெண் சராசரியாக 47 சதவீதம் குறைந்திருந்தது, மற்றவர்களுக்கு மாற்றமே இல்லை. ஒரு வருடத்தில் அந்த 47 என்பது 40 ஆனது. பக்கவிளைவாக 36 சதவீதம் பேருக்கு நடையில் தள்ளாட்டம், 38 சதவீதம் பேருக்கு மரத்துப்போதல் வந்தது, ஒரு வருடம் கழித்தும் முறையே 9, 14 சதவீதம் பேருக்கு அது மிச்சம் இருந்தது. அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தருகிற எஃப்டிஏ 2016 ஜூலையில் இதற்கு அனுமதி கொடுத்தது இந்த ஆய்வை வைத்துத்தான். சராசரி என்பதால் சிலருக்கு நடுக்கம் கிட்டத்தட்ட முழுவதும் போயிருக்கும், சிலருக்குக் கொஞ்சம்தான் குறைந்திருக்கும். நாள்பட நடுக்கம் திரும்புகிறவர்களும் உண்டு.

இன்னொன்று, ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான். மூளையின் இடது பக்கத்தைச் சுட்டால் வலது கை சரியாகும், அதனால் பெரும்பாலும் எழுதுகிற, சாப்பிடுகிற கையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் சுட்டால் பேச்சு குழறுவதற்கும் நடை தடுமாறுவதற்கும் வாய்ப்பு கூடும் என்று பல வருடம் இரண்டாவது பக்கத்தைத் தொடாமலே இருந்தார்கள், 2022 டிசம்பரில்தான் எஃப்டிஏ முதல் பக்கம் முடிந்து குறைந்தது ஒன்பது மாதம் கழித்து இரண்டாவதைச் செய்யலாம் என்றது. அப்பாவுக்குத் தலை ஆட்டமோ குரல் நடுக்கமோதான் முக்கியத் தொந்தரவு என்றால் இதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

டீபிஎஸ் என்கிற மூளைத் தூண்டல் கருவியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். மண்டையில் துளை போட்டு மெல்லிய கம்பியை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி வைப்பார்கள். பிரான்சின் கிரெனோபிளில் ஆலிம் லூயி பெனபித் 1987ல் தொடங்கி வைத்தது. அதில் கிருமித் தொற்று, ரத்தக்கசிவு அபாயம் உண்டு, பேட்டரி மாற்ற வேண்டும், செட்டிங் பார்க்க நடையாய் நடக்க வேண்டும். ஆனால் இரண்டு கைக்கும் செய்யலாம், நோய் கூடினால் கரண்டைக் கூட்டலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் அணைத்துவிடலாம். அல்ட்ராசவுண்டில் உடம்புக்குள் எதுவும் வைப்பதில்லை, அதே சமயம் திரும்ப எடுக்கவும் முடியாது. என்னைக் கேட்டால், ஐம்பது வயதுக்காரருக்கு இரண்டு கையும் மோசமாக ஆடினால் டீபிஎஸ் பக்கம் யோசிக்கச் சொல்வேன், எழுபதை நெருங்குகிற, ஒரு கை சரியானால் போதும் என்கிற, மண்டையைத் திறக்கவே மாட்டேன் என்கிற உங்கள் அப்பா மாதிரி ஆளுக்கு அல்ட்ராசவுண்ட் நல்ல வழி. கடைசி முடிவு அவரைப் பரிசோதிக்கிற டாக்டருடையது.

அதற்கும் முன்னால் அவருடைய மண்டை எலும்பு ஒத்துழைக்க வேண்டும். சிடி எடுத்து எஸ்டிஆர் என்று ஒரு எண் கணக்கிடுவார்கள், எலும்பின் நடுவில் இருக்கிற பஞ்சு போன்ற பகுதிக்கும் வெளி ஓட்டுக்கும் உள்ள அடர்த்தி விகிதம் அது. 0.4க்குக் கீழே இருந்தால் தேவையான சூட்டை எட்டுவது கஷ்டம், சிலருக்கு முடியவே முடியாது. ஆள் திடகாத்திரமா, வயது என்ன என்பதை வைத்து இதை ஊகிக்க முடியாது. வெளியூர் போய் ரூம் எடுத்துத் தங்கி, மொட்டை அடிக்கத் தேதியும் குறித்த பிறகு எலும்பு சரியில்லை என்று திரும்புவது கொடுமை, அதனால் சிடி முதலில், பயணம் பிறகு. எம்ஆர்ஐக்கு ஒத்துவராத பேஸ்மேக்கர் இருந்தால் இது நடக்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை நிறுத்த முடியுமா என்று இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பார்க்கின்சன் என்று வந்தாலும் கதவு மூடிவிடாது, நடுக்கம் மேலோங்கி இருக்கிற பார்க்கின்சனுக்கு 2018ல் அனுமதி வந்தது. ஆனால் அதில் நடுக்கம் குறையுமே தவிர நோய் அதன் போக்கில் வளரும், மாத்திரை தொடரும்.

மற்ற உறுப்புகளுக்கும் இதே யோசனையைப் பயன்படுத்துகிறார்கள், கர்ப்பப்பைக் கட்டிகளுக்கு அமெரிக்காவில் 2004லேயே அனுமதி, எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலிக்கு 2012ல், சூடு இல்லாமல் நுண்குமிழிகளை வைத்துக் கல்லீரல் கட்டியைச் சிதைக்கிற ஹிஸ்டோட்ரிப்சிக்கு 2023ல். அழகு நிலையத்தில் முகச் சுருக்கத்துக்கு ஹைஃபு என்று போர்டு வைப்பதும், பிசியோதெரபியில் முட்டி வலிக்கு அல்ட்ராசவுண்ட் கொடுப்பதும் வேறு சங்கதி, அங்கே போய் நடுக்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இதற்காக அமெரிக்கா போக வேண்டியதில்லை, கோயம்புத்தூரிலேயே இந்தக் கருவி இருக்கிறது. எங்கே போனாலும் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்கு ஒரு வருடம் கழித்தும் தள்ளாட்டம் இருக்கிறது, நடுக்கம் திரும்பினால் மறுபடி செய்வீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா? செலவு லட்சங்களில்தான் வரும், காப்பீடு இதற்குப் பணம் தருமா என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள். வீட்டில் படிக்கட்டு இருந்தால் முதல் ஒரு மாதத்துக்குக் கீழ்த்தளத்தில் படுக்கை போட்டு, பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்து வையுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் அப்பாவை ஒரு சுருள் வரையச் சொல்லி, கீழே கையெழுத்துப் போடச் சொல்லி, தேதி எழுதி வையுங்கள். டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி அவர் எடுத்துக் குடிப்பதை போனில் வீடியோ எடுங்கள், சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை எப்படி இருக்கிறது என்பதையும் எடுங்கள். இந்த மூன்றோடு அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் டாக்டரிடம் போங்கள். சிடி அறிக்கை வந்ததும் எஸ்டிஆர் எண் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன்.